முப்பத்தேழாவது குழி

சூதாட்டத்தின் கதை என்றதும் தமிழ் மக்களின் நினைவுக்கு முதலில் வருவது தருமன் ஆடிய சூதாகும். அங்கே காய் உருட்டியவன் சகுனி. அவன் கையிலே வஞ்சம் இருந்தது; காய்கள் அவன் எண்ணியபடியே விழுந்தன. தருமனுடைய தோல்விக்கு அவ்வஞ்சமே காரணம் என்று கதை கேட்போர் மனம் ஒருவாறு ஆறுதல் கொள்ளும். ஆனால், சகுனி இல்லாத சூதாட்டமொன்றை எண்ணிப் பாருங்கள். அங்கே ஆட்டத்தை நடத்தும் கை கள்ளமற்றது. கருவியிலும் கோணல் இல்லை. யாவும் பலர் பார்க்க வெளிச்சத்திலே நடைபெறுகின்றன. அவ்வாறிருந்தும், நெடுநேரம் அமர்ந்து ஆடியவர்களுட் பெரும்பாலோர் தோற்றே எழுகின்றனர். ஐரோப்பாவிலே தோன்றி உலகெங்கும் பரவிய 'ரூலெற்' என்னும் சக்கரச் சூது இத்தகையது. அதன் வரலாறும், விதிகளும், பணயம் வைக்கும் வகைகளும், அவற்றினுள்ளே அமைந்து கிடக்கும் கணக்கும் யாவை என்பதை நோக்குவதே இப்பேச்சின் பொருளாகும்.

'ரூலெற்' என்பது 'சிறு சக்கரம்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். இதனைக் கண்டுபிடித்தவர் 17ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பஸ்கால் என்று பலரும் கூறுவர். ஓயாது தானே சுழலும் பொறியொன்றைச் செய்ய அவர் முயன்றபோது இச்சக்கரம் பிறந்தது என்பது செவிவழிக் கதை. இதற்குத் தக்க சான்று இல்லை. கதை எழுந்ததற்கு ஒரு சொல் மயக்கம் துணைசெய்திருக்கலாம். உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரைந்து செல்லும் வளைகோட்டுக்கும் அக்காலப் பிரெஞ்சு மொழியில் 'ரூலெற்' என்றே பெயர் வழங்கிற்று. அவ்வளைகோட்டின் வரலாறு குறித்துப் பஸ்கால் 1658ஆம் ஆண்டிலே ஒரு சிறு நூல் வெளியிட்டார். நூலின் பெயரைக் கண்டோர் அதனைச் சூதாட்டத்தோடு பிணைத்துவிட்டனர் போலும்.

ஆயினும், பஸ்காலுக்கும் இவ்வாட்டத்துக்கும் வேறொரு வகையில் மெய்யான தொடர்பு உண்டு. பாதியில் நின்றுபோன சூதாட்டத்தின் பணயத்தை ஆடியவர்களிடையே எவ்வாறு பங்கிடுவது நேர்மையாகும் என்னும் வினாவைப் பற்றி, 1654ஆம் ஆண்டில் அவரும் பெர்மா என்னும் மற்றொரு கணித அறிஞரும் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். 'நிகழ்தகவு' என்று நாம் வழங்கும் கணிதத்துறைக்கு அக்கடிதங்களே அடிகோலின. சக்கரத்தைச் செய்தவர் பஸ்கால் என்று கொள்ளுதற்கு இடமில்லை எனினும், அச்சக்கரத்தின் போக்கை அளந்தறியும் கோலை உலகுக்குத் தந்தவர்களுள் அவர் ஒருவர் என்பதில் ஐயமில்லை.

சக்கரத்தைச் சுழற்றிப் பந்தை வீசும் சூதுகள் 18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் வழங்கின. இங்கிலாந்திலே 'ரோலி போலி' என்று ஒன்றும், ஒற்றை இரட்டையைக் குறிக்கும் குழிகள் மட்டுமே கொண்ட வேறொன்றும் ஆடப்பட்டன. இத்தாலியில் 'பிரிபி' என்னும் இலக்கச் சூது இருந்தது. இத்தகைய ஆட்டங்களின் கூறுகள் கலந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாரிஸ் நகரத்துப் 'பலே ருவாயல்' மாளிகைச் சூதாட்ட மண்டபங்களில் இன்றைய ரூலெற் உருப்பெற்றது. அங்கே சுழன்ற சக்கரங்களில் 1 முதல் 36 வரையுள்ள இலக்கங்களோடு பூச்சியம் ஒன்றும், இரட்டைப் பூச்சியம் ஒன்றும் ஆக 38 குழிகள் இருந்தன.

இனி, ஆட்டம் நடைபெறும் முறையை நோக்குவோம். ஐரோப்பிய வழக்கிலுள்ள சக்கரத்தில் 37 குழிகள் உள. அவற்றுள் 18 சிவப்பு நிறமுடையன. 18 கறுப்பு நிறமுடையன. பூச்சியம் என்னும் எஞ்சிய ஒன்று பச்சை நிறமுடையது. இலக்கங்கள் சக்கரத்தைச் சுற்றி வரிசையாக அமைவதில்லை. பெரியனவும் சிறியனவும் விரவி, சிவப்பும் கறுப்பும் மாறிமாறி வருமாறு அவை அமைக்கப்பட்டிருக்கும். பூச்சியத்தின் ஒரு பக்கத்தில் 32 இருக்க, மறுபக்கத்தில் 26 இருக்கும். ஆட்டத்தை நடத்துபவர் சக்கரத்தை ஒரு திசையிற் சுழற்றி, சிறிய வெண்பந்தை அதற்கு எதிர்த்திசையிலே கிண்ணத்தின் விளிம்போரமாக ஓடவிடுவார். பந்தின் வேகம் தளருகின்றபோது, இனிப் பணயம் வைத்தலாகாது என்று அறிவிப்பார். பந்து சரிவிலே இறங்கி, அங்குப் பதித்துள்ள உலோகத் தடைகளில் மோதித் துள்ளி, ஈற்றில் ஒரு குழியிலே தங்கும். அக்குழியின் இலக்கமே வென்ற இலக்கம்.

பக்கத்திலுள்ள நீண்ட மேசையின் மீது பச்சைத் துணி விரித்திருக்கும். அத்துணியில் 1 முதல் 36 வரையுள்ள இலக்கங்கள் மூன்று நிரல்களாகவும் பன்னிரண்டு வரிசைகளாகவும் வரையப்பட்டிருக்கும். தலைப்பிலே பூச்சியத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். ஆடுவோர் பணத்தைக் கொடுத்து வட்ட வில்லைகளை வாங்கி, தாம் விரும்பும் இடத்தில் அவற்றை வைப்பர். வில்லை வைக்கும் இடமே பணயத்தின் வகையைக் காட்டும்.

இவ்வகைகளை விளங்கிக்கொள்ள 17 என்னும் இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு ரூபாவை 17இன் கட்டத்தினுள்ளே வைத்து, பந்தும் அவ்விலக்கத்தில் விழுமாயின், அவருக்கு 35 ரூபா இலாபம் கிடைக்கும். வைத்த ரூபாவும் திரும்பும். 17க்கும் 18க்கும் இடையிலுள்ள கோட்டின் மீது வைத்தால், இரண்டில் எது விழுந்தாலும் 17 ரூபா இலாபம். 16, 17, 18 என்னும் வரிசை முழுவதற்கும் சேர்த்து வைத்தால் 11 ரூபா. 16, 17, 19, 20 ஆகிய நான்கும் கூடும் மூலையில் வைத்தால் 8 ரூபா. 16 முதல் 21 வரையுள்ள இரு வரிசைகளுக்குமாக வைத்தால் 5 ரூபா. இவை உட்பணயங்கள் எனப்படும்.

துணியின் ஓரங்களிலே புறப்பணயங்களுக்கு இடமுண்டு. 13 முதல் 24 வரையுள்ள பன்னிரண்டு இலக்கங்கள் மீதோ, நடு நிரலிலுள்ள பன்னிரண்டு இலக்கங்கள் மீதோ ஒரு ரூபா வைத்தவருக்கு 17 விழுந்தால் 2 ரூபா இலாபம். கறுப்பு என்றோ, ஒற்றை என்றோ, 1 முதல் 18 வரையுள்ள கீழ்ப்பாதி என்றோ வைத்தவருக்கு ஒரு ரூபாவுக்கு ஒரு ரூபா இலாபம். 17 கறுப்பு நிறமும் ஒற்றை எண்ணும் கீழ்ப்பாதியும் ஆதலால் மூவரும் வெல்வர். சிவப்பு, இரட்டை, மேற்பாதி என்று வைத்தவர்கள் தோற்பர். பூச்சியம் விழுந்தாலோ, அதன் மீதே பணயம் வைத்தவர்களைத் தவிர, இருபாலாரும் தோற்பர்.

இத்தனை வகைகளையும் கேட்பவர், இவற்றுள் எது சிறந்தது என்று வினவுதல் இயல்பு. அவ்வினாவுக்குரிய விடையிலேதான் இவ்வாட்டத்தின் உட்கிடை அடங்கியுள்ளது. ஒருவர் 37 இலக்கங்களின் மீதும் ஒவ்வொரு ரூபா வைக்கிறார் எனக் கொள்வோம். பந்து எங்கு விழுந்தாலும் அவர் வெல்வது உறுதி. ஆனால், அவர் வைத்தது 37 ரூபா. அவர் கைக்கு வருவது 35 ரூபா இலாபமும் வைத்த ஒரு ரூபாவுமாக 36 ரூபா. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ரூபா போய்விடுகின்றது. குழிகள் 37 ஆக இருக்க, 36 குழிகளே இருப்பன போல எண்ணிப் பணம் கொடுக்கப்படுவதால் வரும் வேறுபாடு இது. மேலே கூறிய உட்பணயங்கள், புறப்பணயங்கள் யாவும் இந்த 36 என்னும் எண்ணை வகுத்துப் பெற்றவையே. ஆதலால், 17இல் வைத்தாலும், மூலையில் வைத்தாலும், கறுப்பில் வைத்தாலும், நெடுங்காலத்தில் ஏற்படும் இழப்பு நூற்றுக்கு 2.70 என்னும் ஒரே வீதமாகும். ஒருவகை அடிக்கடி சிறிது தரும். மற்றொருவகை அருமையாகப் பெரிது தரும். வேறுபாடு அவ்வளவே.

பிரெஞ்சு முறையிலே ஒரு சலுகை உண்டு. சிவப்பு, கறுப்பு போன்ற சம பணயங்களை வைத்தவர்களுக்குப் பூச்சியம் விழுந்தபோது பாதிப் பணம் திருப்பிக் கொடுக்கப்படும். அன்றேல், பணயம் அடுத்த சுற்று வரை 'சிறை'வைக்கப்பட்டு, அச்சுற்றில் வென்றால் முதல் மட்டும் மீளும். பாதி மீளும் முறையில் இழப்பு நூற்றுக்கு 1.35 ஆகக் குறைகின்றது. இதற்கு மாறாக, பூச்சியமும் இரட்டைப் பூச்சியமும் உடைய அமெரிக்கச் சக்கரத்தில் இழப்பு நூற்றுக்கு 5.26 ஆகும். 2016ஆம் ஆண்டு முதல் லாஸ் வேகாஸ் நகரத்து மண்டபங்கள் சிலவற்றில் மூன்று பூச்சியங்கள் கொண்ட சக்கரங்களும் தோன்றியுள்ளன. அவற்றில் அது 7.69 வரை ஏறுகின்றது.

நூற்றுக்கு 2.70 என்பது அற்பமான தொகையன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். இவ்வீதம் ஆடுபவர் பையிலுள்ள பணத்தின் மீது விதிக்கப்படுவதன்று. வைக்கும் ஒவ்வொரு பணயத்தின் மீதும் விதிக்கப்படுவது. நூறு ரூபாவோடு அமர்ந்து, சுற்றுக்குப் பத்து ரூபா வீதம் 40 சுற்றுகள் ஆடுபவர், வென்றும் தோற்றும் 400 ரூபாவைப் பணயம் வைத்தவராகின்றார். அவர் எதிர்பார்க்க வேண்டிய இழப்பு 10 ரூபா 80 சதம். எத்துணை நேரம் அமர்ந்திருக்கின்றாரோ, அத்துணைக்கு அத்தொகை வளரும்.

இவ்வுண்மையை நன்கறிந்து செயற்பட்டவர் பிரான்சுவா பிளாங் என்னும் பிரெஞ்சுக்காரர். பிரான்சிலே 1837ஆம் ஆண்டின் இறுதியோடு சூதாட்ட மண்டபங்கள் மூடப்பட்டன. எனவே, பிளாங்கும் அவருடைய சகோதரர் லூயியும் ஜேர்மனியிலுள்ள ஹொம்பூர்க் என்னும் சிற்றூரில் 1841ஆம் ஆண்டில் ஒரு மண்டபம் திறந்தனர். அயலிலுள்ள பிற நீராட்ட நகரங்களின் போட்டியை வெல்லும் பொருட்டு, அவர்கள் சக்கரத்திலிருந்த இரட்டைப் பூச்சியத்தை நீக்கி, ஒரு பூச்சியத்தோடு ஆட்டத்தை நடத்தினர். தமக்கு வரும் பங்கைப் பாதியாகக் குறைத்துக்கொண்டவர்கள் அதனாலேயே செல்வர்களாயினர். ஆடுவோர் மெல்லத் தோற்றமையால் நெடுநேரம் அமர்ந்திருந்தனர், மறுநாளும் வந்தனர்.

அக்காலத்தில் மத்தியதரைக் கடலோரத்து மொனாக்கோ சிற்றரசு வறுமையில் வாடியது. அதன் நிலப்பரப்பிற் பெரும்பகுதியான மென்ரோன், ரொக்புரூன் ஆகிய ஊர்கள் 1848ஆம் ஆண்டில் பிரிந்துபோய், 1861ஆம் ஆண்டிலே பிரான்சுக்குக் கையளிக்கப்பட்டன. அவற்றோடு வரி வருமானமும் போயிற்று. 1856ஆம் ஆண்டு முதல் அங்கு நடைபெற்றுவந்த சூதாட்ட மண்டபமும் நொடித்த நிலையில் இருந்தது. 1863ஆம் ஆண்டில் மூன்றாம் சார்ள்ஸ் இளவரசர் அவ்வுரிமையைப் பிளாங்கிடம் ஒப்படைத்தார். மண்டபம் நின்ற மேட்டுக்கு 1866ஆம் ஆண்டில் 'மொண்டே கார்லோ', அதாவது சார்ள்ஸின் மலை, எனப் பெயரிடப்பட்டது. 1868ஆம் ஆண்டில் புகையிரதம் வந்தது. 1869ஆம் ஆண்டில் மொனாக்கோ மக்கள் செலுத்திவந்த நேர்வரிகள் ஒழிக்கப்பட்டன. ஜேர்மனியின் மண்டபங்கள் 1872ஆம் ஆண்டோடு மூடப்படவே, ஐரோப்பாவின் செல்வர் கூட்டம் மொண்டே கார்லோவை நோக்கித் திரும்பியது. பிளாங் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு வெள்ளை என்பது பொருள். சிவப்புச் சில வேளை வெல்லும், கறுப்புப் பல வேளை வெல்லும், வெள்ளையோ எப்பொழுதும் வெல்லும் என்று மக்கள் சிலேடையாகச் சொல்லிக்கொண்டனர்.

இந்தக் கணக்கை வெல்ல மனிதர் செய்த முயற்சிகள் பல. அவற்றுள் மிகப் பழையது பணயத்தை இரட்டித்துக்கொண்டு போகும் முறை. சிவப்பில் ஒரு ரூபா வைத்துத் தோற்றால் இரண்டு, பின்னர் நான்கு, பின்னர் எட்டு என்று வைத்துச் சென்றால், என்றேனும் ஒருமுறை சிவப்பு வரும். இழந்தது யாவும் மீண்டு, ஒரு ரூபா இலாபமும் கிடைக்கும். கேட்பதற்கு இது குற்றமற்ற முறை போலத் தோன்றும். ஆனால், தொடர்ந்து பத்து முறை தோற்றவர் 1,023 ரூபாவை இழந்து நிற்பார். பதினோராம் முறை அவர் 1,024 ரூபா வைக்க வேண்டும். வென்றாலும் மிஞ்சுவது அந்த ஒரு ரூபாவே. அவ்வாறு பத்து முறை தோற்பது ஏறக்குறைய 784 முயற்சிகளுக்கு ஒருமுறை நேரக்கூடியது. இதற்குள் கைப்பணமும் தீர்ந்துவிடலாம். ஒரு மேசையில் வைக்கக்கூடிய உச்சப் பணயமும் எட்டப்பட்டுவிடலாம்.

மற்றொரு மயக்கம், சென்ற சுற்றுகளைப் பார்த்து வரும் சுற்றை ஊகித்தல். 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் திகதி மொண்டே கார்லோவிலே ஒரு சக்கரத்தில் 26 முறை தொடர்ந்து கறுப்பே விழுந்தது. கறுப்பு நீண்டுகொண்டு போகப் போக, இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று எண்ணி மக்கள் முண்டியடித்துச் சிவப்பிற் பணத்தைக் கொட்டினர், பெருந்தொகைகளை இழந்தனர். தொடக்கத்திலேயே நின்று நோக்கினால், 26 முறை கறுப்பு வருவது 13 கோடிக்கு மேற்பட்ட வாய்ப்புகளுள் ஒன்று. ஆனால், 25 முறை வந்துவிட்ட பின்னர், அடுத்த முறையும் கறுப்பு வருவதற்கு 37இல் 18 என்னும் பழைய வாய்ப்பே உண்டு, சிவப்புக்கும் அதுவே. பந்துக்கு நினைவு இல்லை. நினைவு வைத்துக்கொண்டிருப்பவர் ஆடுபவர் மட்டுமே.

வென்றவர்களே இலரோ எனின், உளர். இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த, நெசவாலைத் தொழில் அறிந்த ஜோசப் ஜாகர் என்பவர், எப்பொறியும் முற்றும் சமநிலையில் இயங்குவதில்லை என்பதை உணர்ந்தவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொண்டே கார்லோவின் சக்கரங்களில் விழும் இலக்கங்களை ஆட்கள் மூலம் குறித்துவைத்து, ஒரு சக்கரத்திலே சில இலக்கங்கள் மிகுதியாக விழுவதைக் கண்டு, பெரும்பணம் வென்றார். மண்டபத்தார் விழித்துக்கொண்டு சக்கரங்களைத் திருத்தியமைக்கவே, அவர் வென்றதோடு விலகிக்கொண்டார். பின்னாளில், 1961ஆம் ஆண்டில், அமெரிக்க அறிஞர்களான குளோட் ஷனனும் எட்வேட் தோர்ப்பும் உடலிலே மறைத்து அணியக்கூடிய சிறு கணிப்பொறியொன்றைச் செய்தனர். பந்தின் வேகத்தைக் காற்பெருவிரலாற் பொத்தானை அழுத்திக் குறித்து, அது விழக்கூடிய பகுதியை முன்கூட்டியே அறிவது அவர்கள் நோக்கம். பொறி பயன்பட்டது, ஆனால், அதன் மெல்லிய கம்பிகள் அடிக்கடி அறுந்தமையால் பெரும்பணம் சேரவில்லை. இத்தகைய கருவிகளை நெவாடா மாநிலம் 1985ஆம் ஆண்டிலே தடைசெய்தது. இவர்கள் பணயம் வைக்கும் முறையால் வெல்ல முயன்றவர்கள் அல்லர் என்பதைக் கவனித்தல் வேண்டும். ஒருவர் சக்கரத்தின் குறையை ஆராய்ந்தார். மற்றவர்கள் பந்தின் இயக்கத்தை ஆராய்ந்தனர்.

1891ஆம் ஆண்டில் மொண்டே கார்லோவில் மேசையிலிருந்த இருப்புப் பணம் தீருமளவுக்குப் பன்முறை வென்ற சார்ள்ஸ் வெல்ஸ் என்னும் ஆங்கிலேயரைப் பற்றி மேடைப் பாடலே எழுந்தது. அவரிடம் தப்பாத முறையொன்று இருந்ததாக உலகம் நம்பிற்று. உண்மையில் அவர் பொய்க் கண்டுபிடிப்புகளைக் காட்டிப் பிறர் பணத்தைப் பெற்றவர். 1893ஆம் ஆண்டிலே மோசடிக்காக எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 1922ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலே வறியவராய் இறந்தார். பாடலைக் கேட்டு மொண்டே கார்லோவுக்குப் புறப்பட்டவர்கள் அவருடைய முடிவை அறிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கணக்கு அறியாதவர்கள் மட்டுமே இதில் அகப்பட்டனர் என்று கொள்ளுதல் தவறு. மனித உள்ளத்தை ஊடுருவிக் கண்ட ரஷ்ய எழுத்தாளர் தொஸ்தொயெவ்ஸ்கி, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இச்சக்கரத்துக்கு அடிமைப்பட்டிருந்தார். உணர்ச்சிவசப்படாது நிதானத்தோடு ஆடினால் வெற்றி நிச்சயம் என்பது அவர் கொண்டிருந்த நம்பிக்கை. 1865ஆம் ஆண்டில் வீஸ்பாடன் நகரிலே கைப்பணம் முழுவதையும் இழந்து, விடுதியில் உணவும் மறுக்கப்பட்ட நிலையில் அவர் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். கடன் நெருக்கடியின் நடுவே, 1866ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், 'சூதாடி' என்னும் நாவலை அன்னா என்னும் சுருக்கெழுத்தாளப் பெண்ணுக்குச் சொல்லச் சொல்ல எழுதுவித்து, 26 நாட்களில் முடித்தார். அப்பெண்ணையே மறு ஆண்டில் மணந்தார். மணமான அவ்வாண்டிலேயே பாடன் பாடன் நகரில் தம்பதிகளின் திருமண மோதிரங்களும், மனைவியின் உடைகளும் அடகுக் கடைக்குச் சென்றன. சூதாடியின் மனநிலையை அவரைப் போல விரித்து எழுதியவர் வேறொருவர் இல்லை எனலாம். அந்நூலை எழுதிய பின்னரும் அவர் ஐந்து ஆண்டுகள் ஆடினார். 1871ஆம் ஆண்டிலே வீஸ்பாடனில் இறுதியாகத் தோற்று, இனி ஆடுவதில்லை என்று மனைவிக்கு எழுதினார். பத்து ஆண்டுகளின் பின் இறக்கும்வரை அவ்வாக்கைக் காத்தார். அவருக்கு விடுதலை அளித்தது புதியதொரு பணய முறையன்று. மேசையை விட்டு எழுந்தமையே.

மொண்டே கார்லோவின் பெயர் இன்று அறிவியலிலும் வழங்குகின்றது. அணுவாராய்ச்சியின் சிக்கலான கணக்குகளுக்குத் தற்செயல் எண்களைக் கொண்டு விடை காணும் முறையொன்றை 1940ஆம் ஆண்டுகளில் வகுத்த அறிஞர்கள், அதற்கு 'மொண்டே கார்லோ முறை' என்றே பெயரிட்டனர். மொனாக்கோவும் இக்காலத்தில் பிற தொழில்களால் வாழ்கின்றது. அதன் அரச வருமானத்தில் சூதாட்டத்தின் பங்கு இன்று சிறியதே.

அந்நாட்டின் சட்டங்களுள் ஒன்று மட்டும் இங்கே குறிப்பிடத்தக்கது. மொனாக்கோவின் மண்டபத்திலே பிற நாட்டினர் யாவரும் வந்து ஆடலாம். மொனாக்கோவின் குடிமக்கள் ஆடுதல் ஆகாது. மூன்றாம் சார்ள்ஸின் காலத்திலே தோன்றிய இத்தடை இன்றும் நிலவுகின்றது. பச்சை நிறமுடைய அந்த ஒரு குழியின் வருமானத்தைக் கொண்டு தம் மக்களின் வரியை நீக்கிய ஆட்சியாளர், அவ்வருமானம் யாருடைய பையிலிருந்து வருகின்றது என்பதை நன்கு அறிந்திருந்தனர். சக்கரத்தின் கணக்கை நெருங்கியிருந்து கண்டவர்கள், தம் குடிமக்களை அம்மேசைக்கு அப்பாலே நிறுத்தினர். ரூலெற் ஆட்டத்தில் எவ்வகைப் பணயம் சிறந்தது என்று கேட்போருக்கு அச்சட்டத்திலேயே விடை உண்டு.